கிளறும் கையும் கிடக்கும் குண்டும்: செந்தூல் நிலத்தில் போரின் எச்சம்

1. ஆய்வுப் பொருள்

1945 பிப்ரவரியிலும் மார்ச்சிலும் அமெரிக்க பி-29 விமானங்கள் கோலாலம்பூரின் ரயில்வே நிலங்கள்மீது குண்டு வீசின. தாக்குதல் திட்டத்தில் ‘மத்திய ரயில்வே பழுதுபார்ப்புப் பட்டறை’ என்று குறிக்கப்பட்ட இலக்கு செந்தூல் பட்டறைதான். ராணுவ வரலாறு இந்தத் தாக்குதலைச் சில வரிகளில் முடித்துக்கொள்கிறது. செந்தூல் குடும்பங்களில் அது ‘ஜப்பான்காரன் காலத்துக்’ கதைகளோடு கலந்து, சயாமுக்குப் போனவர்கள் கதை, மரவள்ளிக்கிழங்கு தின்று பிழைத்த கதை ஆகியவற்றின் நடுவே எங்கோ கிடக்கிறது. இரண்டிலும் விடுபட்டது நிலம். விழுந்தவற்றில் வெடிக்காமல் போனவை என்ன ஆயின? வெடித்தவை மண்ணில் எதை விட்டுச் சென்றன? இன்று அந்த மண்ணைத் தொடுகிறவர் யார்? இந்தக் கட்டுரை இம்மூன்று கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

என் வாதத்தை முதலிலேயே வைத்துவிடுகிறேன். போரின் எச்சம் காலப்போக்கில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறோம். நடப்பது வேறு: எச்சம் கைமாறுகிறது. எங்கே எத்தனை குண்டு விழுந்தது என்ற பதிவு, வீசியவரின் ஆவணக்கூடத்தில் பத்திரமாக இருக்கிறது. குண்டோ மண் வெட்டுகிறவர், பைலிங் அடிக்கிறவர், பழைய இரும்பு பிரிக்கிறவர் கைக்கு வந்து சேர்கிறது. பதிவுக்கும் கைக்கும் நடுவே இருக்கவேண்டிய பாலம் கட்டப்படவில்லை. சுற்றுச்சூழல் சேதம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, கவனித்துப் பார்த்தால், தொழிலாளர் பாதுகாப்புச் சிக்கல்தான்.

2. பட்டறை இலக்கான விதம்

செந்தூல் பட்டறை இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் மலாய் ஐக்கிய மாநில ரயில்வேக்காக எழுந்தது. நீராவி எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டுவது, பெட்டி கட்டுவது, வார்ப்பு வேலை, மரவேலை என்று எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. ஆயிரக்கணக்கானோர் உழைத்த இடம் அது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் ஃபிட்டர்களாகவும் கூலிகளாகவும் இருந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் இருந்தார்கள். கோவிலும் தேவாலயமும் தமிழ்ப்பள்ளியும் பட்டறைச் சங்கொலி கேட்கும் தூரத்திலேயே வளர்ந்தன. ஊரே பட்டறையின் நிழலில் இருந்ததால், பட்டறைமீது விழும் குண்டு ஊர்மீதும் விழும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1942 ஜனவரி 11 அன்று ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. அதற்கு முன்பே சுற்றுச்சூழல் சேதம் தொடங்கிவிட்டது. அதைத் தொடங்கியவர்கள் பின்வாங்கிய பிரிட்டிஷார். எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று கித்தா இருப்புகளுக்கும் எண்ணெய்க் கிடங்குகளுக்கும் தீ வைத்தார்கள், வெள்ளீய வாரிக்கப்பல்களைச் செயலிழக்கச் செய்தார்கள், பாலங்களைத் தகர்த்தார்கள். கித்தா எரியும் கரும்புகை எப்படிப்பட்டது என்று தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டாம். போர்ச்சேதக் கணக்கு எழுதும்போது இந்த ‘மறுப்புக் கொள்கை’ சொத்து இழப்பாக மட்டுமே பதியப்படுகிறது. காற்றில் போனது கணக்கில் வராது.

ஜப்பானியர் கைக்குப் போன ரயில்வே, அவர்கள் போரின் முதுகெலும்பாயிற்று. கிழக்குக் கரைப் பாதையின் தண்டவாளங்களில் பெரும்பகுதியைப் பெயர்த்துச் சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள் பட்ட பாடு நம் இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. இங்கே அதை நினைவூட்டக் காரணம் ஒன்றே: எஞ்சினும் பெட்டியும் ஓடினால்தான் அந்தப் போர் நடக்கும். அவற்றைப் பழுதுபார்க்கும் இடம் செந்தூல். நேச நாடுகளின் வரைபடத்தில் செந்தூல் ஏறியது இதனால்தான்.

குண்டு வீசியது வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத் தளங்களிலிருந்து இயங்கிய இருபதாம் குண்டுவீச்சுப் படை. கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். கரக்பூரும் ஒரு ரயில்வே பட்டறை ஊர்தான். அங்கும் தெற்கிலிருந்து போன தொழிலாளர் குடியிருப்புகள் உண்டு. ஒரு பட்டறை ஊரிலிருந்து கிளம்பி இன்னொரு பட்டறை ஊரை அழித்துத் திரும்பினார்கள்.

இலக்குத் தேர்வில் ஒரு செய்தி கவனிக்கத் தக்கது. 1945 பிப்ரவரித் தொடக்கத்தில் தென்கிழக்காசிய நேசப்படைத் தளபதி மவுண்ட்பேட்டன், சிங்கப்பூர், பினாங்கு கடற்படைத் தளங்களைத் தாக்க வேண்டாம் என்று உத்தரவிட்டார். மீட்ட பிறகு தங்களுக்கே அவை தேவைப்படும் என்பது காரணம். அதன் பின் பி-29 படையின் பார்வை கோலாலம்பூர்ப் பக்கமும், சிங்கப்பூரில் கவனமாகத் தேர்ந்தெடுத்த சில இடங்கள் பக்கமும் திருப்பப்பட்டது. எந்த நிலம் குண்டைத் தாங்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது பகைவனின் பலம் மட்டுமல்ல, போருக்குப் பிந்தைய பயன்பாட்டுக் கணக்கும்தான். துறைமுகச் சுவர் தப்பியது, பட்டறைக் கூரை தப்பவில்லை.

குறி எவ்வளவு தவறியது என்பதற்கு மார்ச் 10 தாக்குதலே சான்று. ரயில்வே நிலத்தைக் குறிவைத்த குண்டுகள் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின் ஒரு பக்கத்தை இடித்துத் தள்ளின. இன்றைய தேசிய அருங்காட்சியகம் பின்னாளில் அதே இடத்தில் எழுந்தது. உயரத்திலிருந்து வீசிய குண்டுகள் இப்படிப் பரவியிருந்தால், தேட வேண்டிய நிலம் பட்டறை வேலிக்குள் முடியாது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளும், செந்தூலின் வீட்டு வரிசைகளும், ஆற்றங்கரைகளும் அந்த வட்டத்துக்குள் வருகின்றன.

3. வெடிக்காத குண்டு எப்படி நடந்துகொள்கிறது

இரண்டாம் உலகப்போரின் வான்குண்டுகளில் பத்தில் ஒன்றோ அதற்குச் சற்றுக் கூடுதலோ வெடிக்கவில்லை என்பது இத்துறையினர் பொதுவாக ஏற்கும் மதிப்பீடு. காரணங்கள் பல: வெடிமுனை பழுதாக இருக்கலாம், குண்டு குறைந்த உயரத்திலிருந்து விழுந்ததால் வெடிமுனை தயாராகாமல் போயிருக்கலாம், விழுந்த மண் மெத்தென்று இருந்ததால் வெடிமுனைக்கு வேண்டிய அதிர்ச்சி கிடைக்காமல் போயிருக்கலாம்.

மூன்றாவது காரணம் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மிகவும் பொருந்தும். கோம்பாக், பத்து ஆறுகள் கொண்டுவந்து போட்ட வண்டல், வெள்ளீயம் எடுத்தபின் கொட்டிய மணலும் சேறும், அதற்குக் கீழே குகைகளும் பிளவுகளும் நிறைந்த சுண்ணாம்புப்பாறை. இப்படிப்பட்ட தரையில் கனமான குண்டு சில மீட்டர் ஆழம்வரை இறங்கும். இறங்கும்போது நேராகப் போகாது. தூண்டில் முள்ளைப் போல வளைந்து, நுழைந்த துளையிலிருந்து விலகி, சில சமயம் மூக்கு மேல்நோக்கியபடி நின்றுவிடும். மேலே துளை ஒரு மழையில் மூடிக்கொள்ளும். போர்க்காலத்தில் அதைப் பார்த்தவர் இருந்தாலும், சேறு மூடிய துளையையும் மாட்டுக் குளம்படிக் குழியையும் பிரித்தறிய அவருக்கு வழியில்லை.

காலம் குண்டைச் சாதுவாக்கும் என்பது ஆபத்தான நம்பிக்கை. டிஎன்டி மிக உறுதியான வேதிப்பொருள். எண்பது ஆண்டு கழித்தும் அது டிஎன்டிதான். மாறுவது வெடிமுனை. ஊசி துருப்பிடிக்கிறது, சுருள்வில் நலிகிறது, பூட்டு தளர்கிறது. அமெரிக்கரும் பிரிட்டிஷாரும் பயன்படுத்திய நீள்தாமத வெடிமுனைகளில் அசிட்டோன் குப்பி உடைந்து, செல்லுலாய்டு தட்டைக் கரைத்து, மணிக்கணக்கில் கழித்து ஊசியை விடுவிக்கும். அது பாதியில் நின்றுபோன குண்டுகளே ஜெர்மனியை இன்றும் அச்சுறுத்துகின்றன. 2010 ஜூன் 1 அன்று கோட்டிங்கன் நகரில் இத்தகைய குண்டு ஒன்று, செயலிழக்கச் செய்யும் வேலை தொடங்குவதற்கு முன்பே வெடித்து மூன்று நிபுணர்களைக் கொன்றது. தேர்ந்தவர்களுக்கே இந்தக் கதி.

ஜப்பானியக் குண்டுகளின் கதை இன்னும் மோசம். அவர்கள் பரவலாகப் பயன்படுத்திய பிக்ரிக் அமிலம் ஈயம், செம்பு, இரும்பு ஆகிய உலோகங்களோடு சேர்ந்து, தொட்டால் சீறும் உப்புகளாக மாறக்கூடியது. 1941 டிசம்பரில் வீசியவையும், பின்னர் அவர்களே சேமித்துவைத்து விட்டுப்போனவையும் இதில் அடங்கும்.

நம் ஊரில் இது ஏட்டுச் செய்தி மட்டுமல்ல. 2017 நவம்பரில், பழைய சுங்கை பீசி விமானத்தள நிலத்தில், பண்டார் மலேசியா எம்ஆர்டி கட்டுமானத் தளத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. வங்காளதேசத் தொழிலாளர் மூவர் காயமடைந்தனர். இரண்டாம் உலகப்போர்க் குண்டு வெடித்தது என்று காவல்துறை தெரிவித்தது. அதே பாதைதான் வடக்கே செந்தூல் பாராட் நிலையத்துக்கும் வருகிறது. அந்த நிலையமும் நிலத்தடியில்தான் தோண்டப்பட்டது. போர்க்கால விமானத்தளத்தில் பழைய குண்டு இருக்கும் என்று எதிர்பார்ப்பது பெரிய ஊகமல்ல. எதிர்பார்த்திருந்தால் அந்த மூவரும் மண்ணுக்குள் இறங்குமுன் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

சிங்கப்பூரோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். 2023 செப்டம்பர் 26 அன்று அப்பர் புக்கிட் தீமா கட்டுமானத் தளத்தில் கிடைத்த 100 கிலோ வான்குண்டை இருந்த இடத்திலேயே வெடிக்கச் செய்தார்கள். அதற்காக 4,000-க்கும் மேற்பட்டோரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். பிராங்க்பர்ட்டில் 2017 செப்டம்பரில் 1.4 டன் வெடிமருந்து கொண்ட பிரிட்டிஷ் குண்டுக்காக 60,000 பேருக்கு மேல் இடம்பெயர்ந்தார்கள். மலேசியக் காவல்துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவுக்கும் இந்த வேலையில் நீண்ட அனுபவம் உண்டு. பழைய குண்டு கிடைத்தது என்ற செய்தி நாளிதழ்களின் உள்பக்கங்களில் அடிக்கடி வரும். ஆனால் அந்தப் பிரிவு வருவது குண்டு கண்ணில் பட்ட பிறகு.

4. வெடித்தவை விட்ட நஞ்சு

வெடித்துச் சிதறிய குண்டு முடிந்துபோன குண்டு அல்ல. அரைகுறையாக வெடித்தால் டிஎன்டி துகள்கள் மண்ணில் கலந்து, நுண்ணுயிர்களால் அமினோ சேர்மங்களாக மாறி, மண்துகளோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆர்டிஎக்ஸ் இதற்கு நேர்மாறு. மண்ணில் ஒட்டாமல் நீரோடு நடக்கும், கிணற்றுக்குப் போய்ச் சேரும். வெர்டன் போர்க்களத்தின் அருகே, முதல் உலகப்போரின் நச்சுவாயு எறிகணைகளைக் குவித்து எரித்த ஒரு திட்டில், நூறாண்டு நெருங்கியும் புல் சரியாக முளைப்பதில்லை. மண் முழுக்க ஆர்செனிக். பிரான்சு ஒரு பெரும் நிலப்பரப்பையே ‘சிவப்பு மண்டலம்’ என்று அறிவித்து உழவிலிருந்து விலக்கிவைத்தது.

செந்தூலில் நிலைமை சிக்கலானது. எளிய முடிவுக்கு நான் வரப்போவதில்லை. நீராவி எஞ்சின் பட்டறை எங்கு இருந்தாலும் அதன் மண் தூய்மையாக இருக்காது. கொதிகலன்களுக்குக் கல்நார் போர்த்துவார்கள். ஸ்லீப்பர் கட்டைகளுக்கு கிரியோசோட் ஏற்றுவார்கள். ஈயச் சாயம், கழிவெண்ணெய், வார்ப்புச் சாம்பல் எல்லாம் இத்தொழிலோடு பிறந்தவை. இப்படிப்பட்ட வளாகத்தில் குண்டு விழும்போது கூரைக்குள்ளும் தொட்டிக்குள்ளும் அடங்கியிருந்தது வெளியே வருகிறது, தூளாகிறது, பரவுகிறது. போர் புதிதாகக் கொண்டுவந்த நஞ்சைவிட, இருந்த நஞ்சைக் கிளறிவிட்டதே பெரிது. தொழிற்சாலை நகரங்கள் குண்டுவீச்சுக்கு ஆளான எல்லா இடங்களிலும் இதே கதைதான். காசாவில் 2024 நடுவில் ஐநா சுற்றுச்சூழல் திட்டம் மதிப்பிட்ட இடிபாடு 3.9 கோடி டன். அதில் கவலைக்குரிய முதல் பொருள்களில் ஒன்று கல்நார். கல்நார்க் கூரை நிமிர்ந்து நிற்கும்வரை பெரிய தொல்லை தராது. உடைந்த கூரைத்தூளை மூச்சில் இழுத்தவருக்கு நோய் வர முப்பது நாற்பது ஆண்டு ஆகும். 1945-இல் இடிபாட்டை அள்ளியவர்களின் நுரையீரலைப் பற்றி யாரும் கணக்கு வைத்திருக்க வாய்ப்பில்லை. அள்ளியவர்கள் பட்டறைக் கூலிகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

போருக்குப் பின் பட்டறை மீண்டும் எழுந்து அரை நூற்றாண்டுக்கு மேல் இயங்கியது. பின்னர் பராமரிப்பு வேலை பத்து காஜாவுக்கு மாறியது. பழைய ரயில்வே நிலத்தின் ஒரு பகுதியில் 2005-இல் கோலாலம்பூர் நிகழ்த்துகலை மையம் திறந்தது. சுற்றிலும் பூங்கா, அடுக்குமாடிக் குடியிருப்புகள். கலை மையத்தின் செங்கல் கட்டடம் அழகானது. பழையதை இடிக்காமல் காப்பாற்றியது பாராட்டத் தக்கது. அந்தக் காப்பாற்றலின் கதையில் கட்டடம் இருக்கிறது, அடியிலிருக்கும் மண் இல்லை என்பதுதான் என் குறை.

5. பழைய இரும்பின் பாதை

போர் எச்சம் கைமாறும் வழிகளில் மிகப் பழையது உலோக வணிகம். லாவோசில் 1964 முதல் 1973 வரை அமெரிக்கா 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு கொட்டியது. அங்கே குண்டு உறை வீட்டுத் தூணாகிறது, உருக்கிக் கரண்டியாகிறது. அதைப் பொறுக்கப் போன குழந்தைகள் கொத்துக்குண்டுக்குப் பலியாகிறார்கள். இலங்கையின் வன்னியில் போர் முடிந்த பின் வாழ வழியற்ற குடும்பங்கள் பழைய இரும்பு பொறுக்கிய காலம் ஒன்று இருந்தது, விபத்துகளும் இருந்தன.

மலேசியாவில் பழைய உலோக வணிகத்தில் தமிழர் பலர் உண்டு. கிள்ளான், பூச்சோங், செந்தூல் வட்டாரங்களில் அப்பா தொடங்கிய கடையை மகன் நடத்துவது சாதாரணம். ஆகவே அடுத்த செய்தி நமக்கு நேரடியாகப் படவேண்டும்.

1941 டிசம்பர் 10 அன்று குவாந்தான் கடலில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 800-க்கும் மேற்பட்டோர் மாண்ட போர்க்கல்லறை அது. 2023 மே மாதத்தில் மலேசியக் கடல்சார் அமலாக்க முகமை ஒரு சீனத் தூர்வாரிக் கப்பலைப் பிடித்தது. அதில் துருப்பிடித்த உலோகமும் பழைய பீரங்கிக் குண்டுகளும் இருந்தன. ஜொகூரில் ஒரு பழைய இரும்புக் கிடங்கிலும் அதே வகைக் குண்டுகள் கிடைத்தன. அணு வெடிப்புகளுக்கு முன் உருக்கிய எஃகு என்பதால் நுண்கருவிகளுக்கு நல்ல விலை போகும் என்றொரு பேச்சு உண்டு. உந்துவிசிறியின் வெண்கலத்துக்குக் கிடைக்கும் விலையே போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படியிருந்தாலும் கடலடியில் கிடந்த எறிகணை, கப்பலேறி, லாரியேறி, கேஸ் கட்டர் பிடித்த ஒரு தொழிலாளியின் முன் வந்து விழுகிறது. கல்லறையைக் கொள்ளையடித்தது பற்றி லண்டனில் கண்டனம் எழுந்தது, நியாயம்தான். கேஸ் கட்டர் பிடித்தவனைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

6. அவசரகாலமும் களைக்கொல்லியும்

நவீனப் போரின் சுற்றுச்சூழல் வரலாற்றில் மலாயாவுக்கு ஒரு பெருமையற்ற முதலிடம் உண்டு. 1948-இல் அறிவித்த அவசரகாலத்தின்போது, பதுங்கித் தாக்க வசதியாயிருந்த சாலையோரப் புதர்களை ஒழிக்க 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷார் 2,4,5-டி உள்ளிட்ட களைக்கொல்லிகளைத் தெளித்தனர். பின்பு காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் பயிரிட்ட காய்கறிப் பாத்திகள்மீது வானிலிருந்தும் தெளித்தனர். அளவு சிறியது, ஆட்களை வைத்துக் கையால் வெட்டுவதே மலிவு என்ற முடிவும் எட்டப்பட்டது. ஆனால் முன்னுதாரணம் பிறந்துவிட்டது. 1961 நவம்பரில் அமெரிக்க வெளியுறவுச் செயலர் டீன் ரஸ்க், வியட்நாமில் களைக்கொல்லி தெளிப்பது சர்வதேசச் சட்டத்தை மீறாது என்று அதிபர் கென்னடிக்கு எழுதியபோது, மலாயாவில் பிரிட்டிஷார் செய்ததை எடுத்துக்காட்டினார். 1962 முதல் 1971 வரை வியட்நாமில் 7 கோடி லிட்டருக்கு மேல் தெளித்தார்கள். ‘ஏஜென்ட் ஆரஞ்சு’க் கலவையில் பாதி அதே 2,4,5-டி. அதன் தயாரிப்பில் உடன்பிறக்கும் டையாக்சின் பியென் ஹோவா விமானத்தள மண்ணில் இன்னும் இருக்கிறது. அதை அகற்றும் வேலை பல ஆண்டுத் திட்டம்.

மலாயாவில் இந்தத் தெளிப்பின் பாதிப்பைத் தனியே பிரித்துக் காட்டுவது எளிதல்ல. காரணம் தோட்டங்களே. லாலான் புல்லைக் கொல்லச் சோடியம் ஆர்செனைட் தெளித்த காலம் உண்டு. பிறகு பாராகுவாட் வந்தது. தெளித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். அமைதிக்காலத்தில் தோட்டம் கொடுத்த நஞ்சும் அவசரகாலம் கொடுத்த நஞ்சும் ஒரே சாலையோரத்தில், ஒரே மக்கள்மீது படிந்தன. போர் எச்சம் பற்றி எழுதுகிறவர்கள் போரின் பங்கைத் துல்லியமாகப் பிரிக்க முயன்று களைத்துப் போவதுண்டு. பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் பிரிப்பால் பெரிய ஆதாயமில்லை.

7. வன்னி: பதிவும் கூலியும்

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பங்களுக்கு வன்னி வெறும் செய்தி அல்ல. ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலில் கும்பிடுகிறவர்களின் பூர்வீகக் காணிகள் சில, முகமாலைக்கு இரு பக்கமும் இருந்தன. அந்த முகமாலை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கழுத்தில், பல ஆண்டு போர்முனையாக நின்ற இடம். உலகின் மிக அடர்ந்த மிதிவெடிப் புலங்களுள் ஒன்று. இலங்கை ராணுவம் பாகிஸ்தான் பி-4 முதலிய தொழிற்சாலைக் கண்ணிகளைப் புதைத்தது. விடுதலைப் புலிகள் மரப்பெட்டியில் ‘ஜொனி’ செய்தார்கள். பங்கர் மூடப் பனங்குற்றிகள் வெட்டப்பட்டன. எறிகணை பட்டுத் தலையிழந்த பனைகள் ஏ-9 சாலையோரம் வரிசையாக நின்றதை 2002 போர்நிறுத்தத்தின்போது போய்வந்தவர்கள் மறக்கமாட்டார்கள். பனை வளர்ந்து பலன்தர ஒரு தலைமுறை ஆகும்.

பி-4 கண்ணியில் உலோகம் மிகக் குறைவு. கருவி பிடிக்கத் தடுமாறும். மேலும் போர்முனை மண் முழுக்க எறிகணைச் சிதறல் என்பதால், கருவி ஓயாமல் ஒலிக்கும். அதனால் யாழ்ப்பாணத்தில் இரும்பு வாரிகளால் மண்ணை அங்குலம் அங்குலமாக வாரித் தேடும் முறை வளர்ந்தது. மெதுவான வேலை, ஆனால் நம்பகமானது. ஒரு விலையும் உண்டு: மேல்மண் குலைகிறது. பெரிய இயந்திரங்களைக் கொண்டு அகழும்போது இன்னும் கூடுதலாகக் குலைகிறது. சுத்தம் செய்ததாகச் சான்றிதழ் பெற்ற காணியில் முதல் சில போகம் விளைச்சல் குறைந்தால் உழவன் யாரிடம் முறையிடுவது?

ஹேலோ டிரஸ்ட், மாக், உள்நாட்டு நிறுவனமான டாஷ் முதலியவை இந்த வேலையில் இருக்கின்றன. வாரி பிடிப்பவர்களில் கணிசமானோர் பெண்கள்; பலர் போரில் கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்கள். தங்கள் ஊரை அழித்த பொருளைத் தாங்களே பொறுக்கிக் கூலி பெறுகிறார்கள். இதைக் கொடுமை என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு நியாயம் செய்ததாகாது. அவர்களுக்குப் பயிற்சி உண்டு, கவசம் உண்டு, காப்பீடு உண்டு, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் வரைபடம் உண்டு. இலங்கை 2017 டிசம்பரில் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்திலும் 2018-இல் கொத்துக்குண்டு உடன்படிக்கையிலும் சேர்ந்தது. மிதிவெடி அகற்றும் பெண் தொழிலாளிக்குக் கிடைத்த வரைபடம் பண்டார் மலேசியாவில் இறங்கிய வங்காளதேசத் தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. வறிய நாட்டில் நடந்தது வளமான நகரில் நடக்கவில்லை. வன்னியில் ஆபத்து உண்டு என்று அறிவித்துவிட்டார்கள். கோலாலம்பூரில் போர் எப்போதோ முடிந்துவிட்டது.

8. சட்டம் எட்டும் தூரம்

விரைவாகக் கடந்துவிடலாம். 1976 சுற்றுச்சூழல் மாற்றத் தடை உடன்படிக்கையும், 1977 ஜெனீவாக் கூடுதல் நெறிமுறை ஒன்றின் 35, 55-ஆம் பிரிவுகளும் வியட்நாமுக்குப் பின் வந்தவை. அவை கேட்கும் சேத அளவு மிகப் பெரியது, நிரூபிப்பது அரிது. 2003-இன் போர் வெடி எச்ச நெறிமுறை, வீசியவர் பதிவு வைத்துப் பகிர வேண்டும் என்கிறது. எனக்கு இதுவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது. ஆனால் அதன் முழுக் கடமை அது நடைமுறைக்கு வந்த 2006-க்குப் பிந்தைய எச்சங்களுக்கே. 1945 அதற்குள் வராது. குவைத்தில் 1991-இல் எரிந்த 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்கும் பிற சேதங்களுக்கும் ஈராக் 2022 வரை இழப்பீடு கட்டி முடித்தது. தோற்றவனிடம் வசூலிக்க முடிந்ததால் அது நடந்தது. மலாயாவில் போருக்குப் பின் இயங்கிய போர்ச்சேத ஆணையம் கட்டடத்தையும் சரக்கையும் எண்ணியது. மண்ணை எண்ணும் வழக்கம் அன்று உலகில் எங்கும் இல்லை.

மலேசியா கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தை 1999-இல் ஏற்று, கையிருப்பை 2001-க்குள் அழித்தது. இது மதிக்கத் தக்க வேகம். உள்நாட்டில் சுற்றுச்சூழல் துறை 2009-இல் மாசடைந்த நிலத்துக்கான வழிகாட்டிகளை வெளியிட்டது. அவை வேதி மாசை மையமாகக் கொண்டவை.

9. செந்தூலில் செய்யக்கூடியது

ஜெர்மனியின் பல மாநிலங்களில் கட்டட அனுமதிக்கு முன், போர்க்கால நேசப்படை வான்படங்களைப் பார்த்துக் குண்டு நுழைந்த துளைகளைத் தேடுகிறார்கள். பிரிட்டனில் 2009-இல் கட்டுமானத் துறைக்கென்று வெடிக்காத குண்டு வழிகாட்டி ஒன்று வந்தது. முதல் கட்டம் மேசை ஆய்வு, அதாவது ஆவணம் பார்ப்பது. செலவு மிகக் குறைவு. அமெரிக்க விமானப்படை ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்கும் அறிக்கையும் வான்படமும் வைத்திருந்தது. செந்தூல் தாக்குதலும் விதிவிலக்காக இருக்கக் காரணமில்லை. அவற்றை ஒருமுறை வரவழைத்து, இன்றைய நில அளவை வரைபடத்தின்மேல் பொருத்தினால், செந்தூல் முதல் பிரிக்பீல்ட்ஸ் வரை எங்கே ஆழத் துளையிடுமுன் காந்த அளவீடு செய்யவேண்டும் என்று தெரிந்துவிடும். பல்கலைக்கழக வரலாற்றுத் துறையும் நில அளவையாளரும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது. எல்லாத் தளத்துக்கும் கட்டாயமாக்க வேண்டியதில்லை. போர்க்காலத்துக்குப் பின் ஆழமாகத் தோண்டப்படாத மண்ணுக்கு மட்டும் போதும். ஏற்கெனவே அடுக்குமாடி எழுந்த இடத்தில் கேள்வி முடிந்துவிட்டது. ஆற்றோரமும் பழைய குடியிருப்பு வரிசைகளும் இன்னும் முடியவில்லை, அவையே அடுத்த கட்டுமானத்துக்குக் காத்திருக்கும் நிலங்கள்.

வரைபடம் வந்தாலும் ஒரு சிக்கல் மிச்சமிருக்கும். பைலிங் தளத்தில் துருப்பிடித்த உருளை ஒன்று தென்பட்டால், அறிவித்தவுடன் வேலை நிற்கும். நின்ற நாளுக்குத் துணைக் காண்ட்ராக்டர் நஷ்டப்படுவார். அவரிடம் நாள்கூலிக்கு இருப்பவருக்கு அன்றைய கூலி இல்லை. பேசாமல் ஓரமாகத் தள்ளிவிட்டு அடுத்த குழிக்குப் போவதற்கான எல்லாத் தூண்டுதலும் அங்கே இருக்கிறது. ஆகவே குண்டு கண்டறிந்ததால் நிற்கும் நாள்களுக்குக் காலநீட்டிப்பும் கூலியும் உண்டு என்ற ஒரு விதியை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். அந்தச் செலவை நில உரிமையாளர் ஏற்க வேண்டும், ஏனெனில் நிலத்தின் விலையேற்றம் அவருக்குத்தான் போகிறது. தளத்தின் பாதுகாப்பு விளக்கத்தில் குண்டின் படமும், கண்டால் யாரிடம் சொல்வது என்பதும் வங்காள மொழியிலும் நேப்பாளியிலும் இந்தோனேசிய மொழியிலும் இருக்க வேண்டும். பேக்கோ ஓட்டுநருக்கு முதலில். பழைய இரும்பு வணிகர் சங்கங்கள் இதே படத்தைத் தமிழில் அச்சிட்டுக் கிடங்குகளில் ஒட்ட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அடுத்த வாரமே செய்யலாம்.